டிஜிட்டல் நாட்குறிப்பு: செயலியைத் தேர்ந்தெடுப்பது முதல் ஏஐயிடம் காட்டுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாட்குறிப்பை ஃபோனிலோ கணினியிலோ எழுதலாம் என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். முதல் நாள் செயலி தேடுகிறார்கள். இரண்டாம் நாள் அதன் வண்ணத்தையும் எழுத்துருவையும் மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் எழுதியதை ஏஐயிடம் கொடுத்து "இதை அழகாக மாற்றிக் கொடு" என்கிறார்கள். மூன்றாவது வாரம் திறந்து படித்தால் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கிறது. அதோடு விட்டுவிடுகிறார்கள்.

நான் பல வருடங்களாக இப்படி எழுதி வருகிறேன். நண்பர்கள் சிலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்தும் கொடுத்திருக்கிறேன். சிக்கல் பெரும்பாலும் வரிசையில்தான் வருகிறது. எழுத்து எங்கே, எந்த வடிவத்தில் இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் எழுதும் பழக்கம். ஏஐ கடைசியில். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. 3, 4, 6 ஆகிய மூன்றையும் தாண்டிப் போகாதீர்கள். தாண்டியவர்கள் எல்லோரும் திரும்பி வந்து இரட்டிப்பு வேலை செய்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

எப்போதும் கையில் இருக்கும் ஒரு கருவி வேண்டும். ஃபோன் போதும், கணினியும் இருந்தால் நல்லது. பேக்கப் (காப்புப் பிரதி) எடுக்க ஒரு பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்கோ வேண்டும். பாஸ்வேர்டை எழுதி வைக்க ஒரு தாள், பேனா. இடையூறு இல்லாத இரண்டு மணி நேரம். முதல் ஆறு படிகளை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். பாதி அமைப்போடு எழுதத் தொடங்கினால் மீதி அமைப்பு நடப்பதே இல்லை.

1. எதற்காக எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

இதைச் செய்யச் சொன்னால் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால் அடுத்த எல்லா முடிவுகளும் இந்த ஒரு வரியில்தான் தொங்குகின்றன.

நடந்ததை மறக்காமல் வைத்திருக்க எழுதுகிறீர்கள் என்றால் தேடும் வசதியும் தேதி ஒழுங்கும் முக்கியம். மனதில் இருப்பதை இறக்கி வைக்க என்றால் ரகசியம் முக்கியம், மற்றதெல்லாம் பின்னால்தான். பிற்காலத்தில் கட்டுரையாகவோ கதையாகவோ மாற்றுவதற்கான மூலப்பொருள் என்றால் எழுத்தைச் சுலபமாக வெளியே எடுக்க முடிய வேண்டும்.

மூன்றும் வேண்டும் என்று தோன்றும். பரவாயில்லை, ஆனால் ஒன்றை முதலில் வையுங்கள். ஒரு செயலி இரண்டில் சிறப்பாகவும் ஒன்றில் சுமாராகவும் இருக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்று அந்த வரி சொல்லிவிடும்.

2. தமிழ்த் தட்டச்சை இப்போதே சரிசெய்யுங்கள்

தமிழில் தட்டத் தடுமாறுகிறவர் நாட்குறிப்பை வேகமாகச் சுருக்கிவிடுவார். நான்கு வரி வர வேண்டிய இடத்தில் ஒரு வரி வரும். அதனால் செயலிக்கு முன்னால் விசைப்பலகை.

தமிழ்99 என்ற விசைப்பலகை முறை பழகியவர் அதிலேயே இருங்கள். பழகாதவர் ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது "அம்மா" என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டித் தமிழில் பெறும் முறையில் தொடங்கலாம். எதுவானாலும் ஃபோனிலும் கணினியிலும் ஒரே முறையை வையுங்கள். இரண்டு முறைகளை மாற்றி மாற்றித் தட்டினால் விரல்களுக்கு எதுவும் பழகாது.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. "கொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். எழுத்துகளைக் கணினியில் குறிப்பதற்கான பொதுத் தரநிலையான யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எல்லாச் செயலிகளின் தேடலும் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு விதமாகத் தட்டிய "கொடி" இன்னொரு விதத் தேடலில் அகப்படாமல் போகலாம். "ஔ" என்ற எழுத்துக்குப் பதிலாக "ஒ"வையும் "ள"வையும் சேர்த்துத் தட்டுவதும் இதே வகைத் தொல்லை. ஒரே விசைப்பலகை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தால் அவற்றை இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அவை புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தேடலுக்கும் ஏஐக்கும் அவற்றால் பயன் இல்லை.

குரலில் சொல்லி எழுத வைப்பது நடந்துகொண்டே குறித்துக்கொள்ள நல்ல வழி. முற்றுப்புள்ளி, பெயர்ச்சொற்கள், பேச்சு வழக்கு ஆகியவற்றில் அது தவறும். அன்றே ஒருமுறை படித்துத் திருத்துங்கள். ஒரு வாரம் கழித்துப் படித்தால் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே பிடிபடாது. பல குரல் தட்டச்சு வசதிகள் ஒலியை இணையம் வழியாக வேறிடத்துக்கு அனுப்பியே எழுத்தாக்குகின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும். ஓப்பன்ஏஐ 2022-ல் வெளியிட்ட, குரலை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐ மாதிரியை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். தமிழும் அதற்குத் தெரியும். அதை நிறுவக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

3. செயலியைத் தேர்ந்தெடுங்கள்: வெளியேறும் வழியை முதலில் பாருங்கள்

புதியவர்கள் செயலியின் முகப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் பின்வாசலைப் பார்க்கச் சொல்வேன். பத்து வருடம் எழுதப்போகிறீர்கள். பத்து வருடம் அந்தச் செயலி இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள் என்று வரம்பு வைத்தது. அதற்கு முன் அதில் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தவர்கள் பலர்.

செயலிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

முதல் வகை, உங்கள் கருவியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாகச் சேமிப்பவை. அப்சிடியன் என்ற குறிப்புச் செயலி அப்படித்தான் வேலை செய்கிறது. கணினியில் இருக்கும் நோட்பேடும் அப்படித்தான். இவற்றில் மார்க்டவுன் என்ற எளிய வடிவத்தில் எழுதலாம். தலைப்புக்கு முன்னால் ஒரு # குறி, அழுத்தமான சொல்லைச் சுற்றி நட்சத்திரக் குறிகள், அவ்வளவுதான். செயலி நாளை காணாமல் போனாலும் கோப்பு எந்தக் கருவியிலும் திறக்கும்.

இரண்டாவது வகை, நாட்குறிப்புக்கென்றே செய்யப்பட்டவை. டே ஒன் அவற்றில் பழையது. படம் சேர்க்கலாம், இடத்தையும் வானிலையையும் அது தானாகவே சேர்க்கும். ஆப்பிளின் ஜர்னல் செயலி 2023 டிசம்பரில் ஐஓஎஸ் 17.2 உடன் வந்தபோது ஐபோனில் மட்டுமே ஓடியது. அழகைப் பார்த்து அதில் தொடங்கிய ஒருவர் பெரிய திரையில் எழுத முடியாமல் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார். உங்களிடம் உள்ள எல்லாக் கருவிகளிலும் செயலி ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, நோஷன், கூகுள் டாக்ஸ் போல முழுக்க இணையத்தில் இருப்பவை. எங்கிருந்தும் எழுதலாம். ஆனால் எழுத்து இருப்பது அந்த நிறுவனத்தின் கணினியில், அதாவது சர்வரில்.

என் பரிந்துரை முதல் வகை. அது வறட்சியாகத் தெரிந்தால் இரண்டாவது வகைக்குப் போங்கள், தவறில்லை. எதுவானாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: மூன்று பதிவுகள் எழுதுங்கள், ஒன்றில் ஒரு படம் சேருங்கள், எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, அதாவது செயலிக்கு வெளியே கோப்பாக எடுத்து, வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகள் சரியாக வந்தனவா? தேதி இருக்கிறதா? படம் எந்தப் பதிவோடு சேர்ந்தது என்று தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தச் செயலியை நம்பலாம்.

பிடிஎஃப் ஆக மட்டும் வெளியே தரும் செயலியைத் தவிர்த்துவிடுங்கள். படிக்க அது அழகாக இருக்கும். ஆனால் அதிலிருந்து தமிழைத் திரும்ப எடுத்து ஒட்டினால் எழுத்துகள் இடம் மாறி வருவது அடிக்கடி நடக்கும்.

4. பூட்டு

செயலிக்கு நான்கு இலக்க எண் வைத்தால் நாட்குறிப்பு பத்திரம் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அந்த எண் செயலியின் திரையை மட்டுமே மூடுகிறது. உள்ளே கோப்பு சாதாரணமாகக் கிடந்தால், ஃபோனைத் திறக்க முடிந்தவர் அதைக் கணினியில் செருகிப் படிக்க வழி உண்டு. இணையத்தில் இருந்தால் சர்வரை இயக்குபவர்களும் படிக்க வழி உண்டு.

முழுக்க ரகசியம் வேண்டுமென்றால் "எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்" இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து உங்கள் கருவியிலேயே சங்கேதமாகி, சாவி உங்களிடம் மட்டும் இருக்கும் முறை அது. டே ஒன்னிலும், ஸ்டாண்டர்ட் நோட்ஸ், ஜாப்ளின் ஆகிய குறிப்புச் செயலிகளிலும் உண்டு. ஜாப்ளினில் நீங்களே அமைப்புகளுக்குப் போய் இயக்க வேண்டும். சாதாரணக் கோப்புகளாக வைத்திருப்பவர் கிரிப்டோமேட்டர் போன்ற ஒன்றால் ஃபோல்டரையே பூட்டி, அப்புறம் இணையச் சேமிப்பில் ஏற்றலாம்.

இந்த முறையில் சாவியைத் தொலைத்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. அதனால்தான் தாளும் பேனாவும் கேட்டேன். சாவியை எழுதுங்கள், பத்திரமான இடத்தில் வையுங்கள், அதே ஃபோனில் படம் பிடித்து வைக்காதீர்கள். ஃபோன் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

யாரும் கவனிக்காத மூன்று ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். விசைப்பலகை நீங்கள் தட்டும் சொற்களைக் கற்றுக்கொண்டு பரிந்துரைக்கும். நாட்குறிப்பில் அடிக்கடி வரும் ஒரு பெயர், வேறொருவர் உங்கள் ஃபோனை வாங்கித் தட்டும்போது மேலே வந்து நிற்கும். அந்தக் கற்றலை நிறுத்தலாம், அல்லது அவ்வப்போது அழிக்கலாம். பூட்டிய திரையில் தோன்றும் நினைவூட்டல்களில் பதிவின் வரிகள் தெரியாமல் வையுங்கள். குடும்பத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணக்கில் நாட்குறிப்புப் படங்கள் தானாக ஏறுகின்றனவா என்றும் பாருங்கள்.

யாரும் படிக்க மாட்டார்கள் என்ற உறுதி இல்லாமல் உண்மையை எழுதுவது யாருக்கும் கடினம். பூட்டை எழுதுவதற்கு முன்னால் வைத்ததன் காரணம் அதுதான்.

5. பெயர், தேதி, டேக்

ஒவ்வொரு கோப்புக்கும் 2025-03-14 என்ற மாதிரி பெயர் வையுங்கள். வருடம், மாதம், நாள் என்ற இந்த வரிசை ஐஎஸ்ஓ 8601 என்ற தரநிலையில் உள்ளது. காரணம் எளிது: பெயர் வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும். 14-03-2025 என்று வைத்தால் எல்லா மாதங்களின் 14-ஆம் தேதியும் ஒன்றாகக் குவியும். அப்சிடியனின் தினக்குறிப்பு வசதி இயல்பாகவே இந்த வடிவத்தில்தான் பெயர் வைக்கிறது.

நள்ளிரவு தாண்டி எழுதினால் எந்தத் தேதி? நான் வைத்திருக்கும் விதி, தூங்கப் போகும் வரை அதே நாள். உங்களுக்கு வேறு தோன்றினால் அப்படியே செய்யுங்கள், ஆனால் மாற்றாதீர்கள்.

டேக்குகளை, அதாவது பதிவுகளை வகைப்படுத்த ஒட்டும் சொற்களை, தொடக்கத்தில் ஐந்துக்குள் நிறுத்துங்கள். நாற்பது டேக் வைத்துத் தொடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். "வேலை", "பணி", "அலுவலகம்" மூன்றும் அதில் இருந்தன. எதைத் தேடினாலும் பாதிதான் வரும். தேடல் வசதி நன்றாக இருந்தால் டேக்கே வேண்டியதில்லை. "இன்றைய மனநிலை, மூன்று நன்றிகள், நாளைய இலக்கு" என்று வரும் ஆயத்தப் படிவங்களையும் இப்போது சேர்க்காதீர்கள். பத்து நாளில் படிவத்தை நிரப்பும் வேலையாகிவிடும்.

6. எழுதுவதற்கு முன் பேக்கப்

சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் ஒரு கருவியில் செய்த மாற்றத்தை மற்றவற்றிலும் அப்படியே செய்யும்; பேக்கப் தனியாக எடுத்து வைக்கும் பிரதி. இரண்டும் ஒன்று என்று நினைத்து நானே மூன்று மாதப் பதிவுகளை இழந்திருக்கிறேன். ஃபோனில் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தேன். சிங்க் தன் வேலையைச் சரியாகச் செய்தது; கணினியிலும் இணையத்திலும் இருந்து அதை அழித்தது. நான் கவனித்தபோது குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும் காலமும் முடிந்திருந்தது.

3-2-1 என்ற விதியைப் பின்பற்றுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறிடத்தில். ஃபோனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் பூட்டிய நிலையில் ஒன்று. நாட்குறிப்பு எழுத்து மட்டும் என்றால் இடமே பிடிக்காது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். தினம் 2,000 குறிகள் எழுதினாலும் வருடத்துக்கு ஏறக்குறைய 2 எம்பிதான். படங்கள்தான் இடத்தைத் தின்னும். அவற்றைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

ஒரே ஃபோல்டரை இரண்டு சிங்க் சேவைகளிடம் ஒப்படைக்காதீர்கள். ஒன்று புதுப்பித்ததை மற்றொன்று பழையது என்று நினைத்து மாற்றும். ஒரே சேவை என்றாலும், ஃபோனில் எழுதியது மேலே ஏறும் முன் கணினியில் அதே கோப்பில் எழுதினால் முரண்பட்ட பிரதி என்று இரண்டாவது கோப்பு தோன்றும். பயந்து அழித்துவிடாதீர்கள். இரண்டையும் திறந்து, விடுபட்ட வரிகளை ஒன்றில் ஒட்டிவிட்டு அப்புறம் மற்றதை நீக்குங்கள்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும். மூன்று சோதனைப் பதிவுகளையும் பென் டிரைவிலிருந்து திரும்ப எடுத்துப் படித்துவிட்டால் அமைப்பு வேலை முடிந்தது.

7. முதல் 30 நாள்: நீங்களும் எழுத்தும் மட்டும்

இந்த ஒரு மாதம் ஏஐ வேண்டாம். செயலிக்குள்ளேயே "எழுத உதவட்டுமா?" என்று கேட்கும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். உங்கள் எழுத்தின் நடை உங்களுக்கே இன்னும் பிடிபட்டிருக்காது. அதற்குள் இன்னொரு நடை வந்து கலந்தால் எது உங்களுடையது என்று பிரிக்க முடியாமல் போகும்.

தினம் மூன்று வரி போதும். ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு அதை ஒட்டி வையுங்கள்: ஃபோனைச் சார்ஜில் போடும் முன், விளக்கை அணைக்கும் முன். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் நேரம் கிடைக்காது.

என்ன எழுதுவது என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். இப்படி ஒரு பதிவைப் பாருங்கள்:

"இன்று வேலை அதிகம். ரொம்பச் சோர்வு. நல்ல நாள் இல்லை."

ஆறு மாதம் கழித்து இதைப் படித்தால் எந்த நாள் என்றே நினைவு வராது. அதே நாளை இப்படியும் எழுதலாம்:

"கூட்டம் இரண்டு மணி நேரம் இழுத்தது. நான் சொல்ல வந்ததை வேறொருவர் சொல்லிவிட்டார், எல்லோரும் தலையாட்டினார்கள். படி இறங்கும்போது கை நடுங்கியது. பசியா கோபமா தெரியவில்லை."

அதிக வரிகள் இல்லை. ஆனால் அந்தப் படியும் நடுங்கிய கையும் அந்த நாளைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். "சோர்வு", "மகிழ்ச்சி", "மோசம்" என்று ஒரு சொல் வந்தவுடன், எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று அடுத்த வரியில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் படிவங்களும் தூண்டுகேள்விகளும் தேவைப்படாது.

எழுதும்போது திருத்தாதீர்கள். எழுத்துப் பிழை இருக்கட்டும். பேச்சு வழக்கு வந்தால் வரட்டும், ஆங்கிலச் சொல் கலந்தால் கலக்கட்டும். அன்றைய மனம் அப்படித்தான் இருந்தது.

நாள் தவறும். தவறிய நாளை அதே நாளில் எழுதியதுபோல் நிரப்பாதீர்கள். "16-ஆம் தேதி நடந்ததை 19-ஆம் தேதி எழுதுகிறேன்" என்று மேலே குறித்துவிட்டு எழுதுங்கள். மூன்று நாள் கழித்து நினைவு வேறு கதை சொல்லும். பின்னாளில் படிக்கும் உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும். தொடர்ச்சியாக எத்தனை நாள் எழுதினீர்கள் என்று எண்ணிக் காட்டும் வசதியையும் மறைத்துவிடுங்கள். அந்த எண் பூஜ்யமான அன்றே எழுதுவதை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

8. ஏஐயிடம் எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு மாதம் ஆயிற்று. இப்போது ஏஐ உண்மையிலேயே உதவும், ஏனென்றால் அது படிக்க ஏதோ இருக்கிறது.

ஒட்டுவதற்கு முன்னால் அமைப்புகளைப் பாருங்கள். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி போன்ற சேவைகளில் உங்கள் உரையாடலை மாதிரியின் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்பதற்கான தேர்வு இருக்கிறது. அதை அணையுங்கள். அணைத்தால் எதுவுமே சேமிக்கப்படாது என்று பொருள் இல்லை. தற்காலிக உரையாடல்கூடச் சில நாள் அவர்களின் சர்வரில் இருக்கக்கூடும். வேலை முடிந்ததும் உரையாடலை அழித்துவிடுங்கள்.

நான்காவது படியில் பூட்டிய நாட்குறிப்பை இங்கே நீங்களே திறந்து கொடுக்கிறீர்கள் என்பதை உணர்ந்து செய்யுங்கள். எண்ட்-டு-எண்ட் பூட்டு இருந்தாலும், சர்வரில் ஓடும் ஏஐ படிக்க வேண்டுமென்றால் அந்தப் பகுதி பூட்டு இல்லாமல்தான் போக வேண்டும்.

என் வழக்கம் இது. மற்றவர்கள் நம்பிச் சொன்ன ரகசியம் எந்தச் சூழ்நிலையிலும் போகாது. அது என் சொத்து இல்லை. உடல்நலம், பணம், வழக்கு சம்பந்தமான பகுதிகளை வெட்டிவிடுவேன். பெயர்களுக்குப் பதிலாக க, ச, ட என்று வைப்பேன். யார் எந்த எழுத்து என்ற பட்டியல் தாளில் இருக்கும். பெயரை மாற்றிவிட்டு, "என் அண்ணன், இந்த நிறுவனத்தின் மேலாளர்" என்று பதிவில் விட்டுவைத்தால் மாற்றியதற்குப் பலன் இல்லை, அதையும் பாருங்கள்.

எதையுமே வெளியே அனுப்ப மனம் இல்லை என்றால் ஒல்லாமா, எல்எம் ஸ்டுடியோ போன்றவற்றால் ஏஐயை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். 7 பில்லியன் அளவுருக்கள் (ஏஐ மாதிரியின் அளவைக் காட்டும் எண்) உள்ள மாதிரிக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். சிறிய மாதிரிகளின் தமிழ் இன்னும் தடுமாற்றம்தான். தமிழில் கொடுத்துச் சுருக்கம் கேட்டால் பொருள் மாறிவிடுவதும் உண்டு. தனிமைக்காக அந்தக் குறையை ஏற்றுக்கொள்வதா என்பது முதல் படியில் நீங்கள் எழுதிய வரியைப் பொறுத்தது.

9. ஏஐயை வாசகராக வையுங்கள்

ஏழாவது படியில் காட்டிய கூட்டத்துப் பதிவை ஏஐயிடம் கொடுத்து அழகாக்கச் சொன்னால் கிடைப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பணியிடக் கூட்டத்தில் எனது கருத்து அங்கீகரிக்கப்படாத அந்தத் தருணம், எனக்குள் ஓர் ஆழமான சிந்தனையைத் தூண்டியது."

படி போயிற்று, கை போயிற்று, பசியா கோபமா என்ற குழப்பமும் போயிற்று. எனக்கு வராத சிந்தனை ஒன்று வந்திருக்கிறது. இதைப் பழைய பதிவின் மேலேயே சேமித்துவிட்டால் அந்த நாள் அழிந்தது என்று பொருள். அதனால் முதல் விதி: ஏஐ தருவது எதுவும் மூலக் கோப்புக்குள் போகக் கூடாது. "ஏஐ" என்று தனி ஃபோல்டர் வைத்து அங்கே சேமியுங்கள்.

இரண்டாவது, எழுதச் சொல்லாமல் கேட்கச் சொல்லுங்கள். நான் அனுப்பும் வரிகளை அப்படியே தருகிறேன்:

"இது என் நாட்குறிப்பு. திருத்தாதே, சுருக்காதே, அறிவுரை சொல்லாதே. நான் பாதியில் விட்டுவிட்ட இடங்களைப் பார்த்து மூன்று கேள்விகள் மட்டும் கேள்."

கிடைக்கும் மூன்றில் ஒன்றாவது நல்ல கேள்வியாக இருக்கும். அதற்கான பதிலை ஏஐயிடம் சொல்லாமல் நாட்குறிப்பில் எழுதுங்கள். உரையாடலிலேயே பதில் சொல்லத் தொடங்கினால் நாட்குறிப்பு காலியாகவும் உரையாடல் நீளமாகவும் ஆகிவிடும்.

ஒரு மாதப் பதிவுகளைப் படிக்கக் கொடுக்கும்போது:

"திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைச் சொல். ஒவ்வொன்றுக்கும் தேதியும், என் பதிவிலிருந்து ஒரு வரியை மாற்றாமலும் காட்டு. வரி கிடைக்காவிட்டால் அந்த விஷயத்தை விட்டுவிடு."

தேதியையும் வரியையும் கேட்பது சரிபார்க்கத்தான். அந்த வரியை மூலத்தில் தேடுங்கள். இல்லையென்றால் ஏஐ தானாகச் செய்தது. நம்பும்படியாகவே செய்யும், சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டால் உங்கள் நினைவே அதற்கேற்ப மாறத் தொடங்கும். நீளமாகக் கொடுத்தால் நடுப்பகுதியைத் தவறவிடுவதும் உண்டு. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களாக, அதாவது ஏஐ படிக்கும் சிறு துண்டுகளாக, உடைவதால் அளவு வரம்பும் சீக்கிரம் வந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு வாரம் என்று கொடுங்கள்.

எண்ணும் வேலையை அதனிடம் விடாதீர்கள். "எத்தனை நாள் தலைவலி என்று எழுதினேன்?" என்பதற்குச் செயலியின் தேடலே சரியான விடை தரும்.

மூன்றாவது, ஏஐ உங்கள் பக்கம் சாயும். சண்டையைப் பற்றி உங்கள் தரப்பை மட்டும் படித்த ஒன்று உங்களுக்குத்தான் நியாயம் சொல்லும். "இதில் எதிரில் இருந்தவர் என்ன நினைத்திருக்கலாம்? நான் எழுதாமல் விட்டது எதுவாக இருக்கும்?" என்று கேட்டால் ஓரளவு சமன்படும். நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையையும் அதனிடம் கேட்காதீர்கள். பதிவுகள் நாளுக்கு நாள் இருண்டுகொண்டே போனால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எங்காவது தலைகாட்டினால், ஏஐயை மூடிவிட்டு நம்பிக்கையான ஒரு மனிதரிடமோ மருத்துவரிடமோ அன்றே பேசுங்கள்.

10. நாட்குறிப்பிலிருந்து கட்டுரைக்கு

எல்லோருக்கும் இந்தப் படி தேவையில்லை. வெளியே காட்டும் எழுத்தாக மாற்ற நினைப்பவர்களுக்கு மட்டும்.

பதிவை நகல் எடுத்து "வரைவு" என்ற வேறு ஃபோல்டருக்குக் கொண்டுபோங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள். வரைவை எழுதும் செயலி வேறாக இருந்தால் இன்னும் நல்லது. இங்கே யாரோ படிக்கப்போகிறார்கள், அங்கே யாரும் படிக்கப்போவதில்லை என்ற வேறுபாடு கைக்கே பழகிவிடும். பதிவில் வருகிறவர்களை அடையாளம் தெரியாமல் மாற்றுங்கள், அல்லது அவர்களிடம் கேளுங்கள்.

பிழை திருத்த ஏஐயைப் பயன்படுத்தலாம். "பிழைகளைப் பட்டியலிடு, நீயாகத் திருத்தாதே" என்று சொல்லுங்கள். பட்டியலைப் பார்த்து நீங்களே கையால் மாற்றினால் தேவையில்லாத மாற்றங்கள் நுழையாது. தமிழில் ஒற்று மிகும் இடம், மிகா இடம் ஆகியவற்றில் அது உறுதியாகச் சொல்லியே தவறும். சந்தேகம் வந்தால் இலக்கண நூலைப் பாருங்கள். "பேச்சு வழக்கு" என்று அது குறிப்பிடும் சொற்களை யோசித்த பின்னரே மாற்றுங்கள். பல நேரம் அந்த வாக்கியத்துக்கு உயிர் அந்தச் சொல்லில்தான் இருக்கும்.

11. மாதம் ஒருமுறை, வருடம் ஒருமுறை

மாதக் கடைசியில் பென் டிரைவில் பிரதி எடுங்கள், முரண்பட்ட பிரதிகள் ஏதாவது இருந்தால் ஒன்றாக்குங்கள், ஏஐ உரையாடல்களை அழியுங்கள். கால் மணி நேர வேலை.

வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, அந்தச் செயலியே நிறுவப்படாத ஒரு கணினியில் திறந்து பாருங்கள். ஏதாவது மூன்று தேதிகளை எடுத்து, படமும் எழுத்தும் சரியாக வருகின்றனவா என்று படியுங்கள். சாவி எழுதிய தாள் வைத்த இடத்தில் இருக்கிறதா, அதில் உள்ள சாவியால் பூட்டு இன்னும் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு இந்த நாட்குறிப்பை யாராவது படிக்கலாமா, அல்லது அது பூட்டியபடியே இருக்கட்டுமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி, சரிபார்த்த தேதியைக் கீழே குறித்து வையுங்கள்.